எண்பது, தொண்ணூறுகளின் ஆக்‌ஷன் படங்கள்: திரும்பப் பார்க்க எதில் தொடங்குவது?

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த ஆக்‌ஷன் படங்களைத் திரும்பப் பார்க்க ஆசைப்படுகிற பலர், முதல் படத்தின் பாதியிலேயே ஏமாந்து நிறுத்திவிடுகிறார்கள். படங்கள் பழசாகிவிட்டன என்று பழி போடுவது சுலபம். ஆனால் அதே ஆண்டுகளில் வந்த வேறு சில படங்கள் இன்றும் சீட் நுனியில் உட்கார வைக்கின்றனவே! கோளாறு நம் தேர்வில் இருக்கிறது. சின்ன வயதில் எது பெரிதாகத் தெரிந்ததோ அதைத்தான் முதலில் தேடி எடுக்கிறோம். அந்த வயதில் பெரிதாகத் தெரிந்தவை நாயகனின் புஜமும் அவன் கையிலிருந்த துப்பாக்கியும். அவற்றை மட்டும் நம்பி இன்று ஒன்றரை மணி நேரம் உட்கார முடியாது.

ஒரு வார இறுதி, இரண்டு மூன்று படத்துக்குத்தான் நேரம் என்று வைத்துக்கொள்வோம். போவதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன. ஒற்றை ஆளே ஒரு படையாக நிற்கும் புஜபலப் படங்கள், ஒரே இடத்துக்குள் மாட்டிக்கொண்ட சாதாரண மனிதனின் படங்கள், ஹாங்காங் படங்கள், இயந்திரமும் எதிர்காலமும் கலந்த படங்கள். நான்குமே எனக்குப் பிடித்தவை. ஆனால் நான்கும் ஒரே மாதிரி காலத்தைத் தாண்டி வந்துவிடவில்லை.

நான் பார்ப்பது இரண்டே விஷயம். திரையில் நடப்பது கேமராவுக்கு முன்னால் நிஜமாகவே நடந்ததா? யார் எங்கே நிற்கிறார்கள், எந்தப் படிக்கட்டு எங்கே போகிறது என்று பார்க்கிறவருக்குப் புரிகிறதா? கணினி எதை வேண்டுமானாலும் வரைந்துவிடும் என்று தெரிந்துவிட்ட இன்றைய கண்ணுக்கு, ஒரு மனிதன் நிஜமாக விழுகிறான் என்பது முன்பைவிடப் பெரிய விஷயம். நொடிக்கு நொடி காட்சி வெட்டிக்கொண்டே போவதற்குப் பழகிவிட்ட கண்ணுக்கு, சண்டை நடக்கிற இடம் முழுசாகத் தெரிவதே பெரிய ஆறுதல்.

புஜபலப் படங்களை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். 1985ல் வந்த 'கமாண்டோ' இந்த வகைக்கு ஒரு மாதிரிப் படம். அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் ஆயுதங்களை ஒவ்வொன்றாக உடம்பில் மாட்டிக்கொள்வார், எதிரியின் மாளிகைக்குள் நடந்தே போவார், சிப்பாய்கள் வரிசையாக விழுவார்கள். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், அவர் எப்படித் தப்பினார் என்ற கேள்விக்கெல்லாம் அங்கே இடமில்லை. நண்பர்கள் கூடி உட்கார்ந்து கைதட்டிப் பார்க்க நன்றாக இருக்கும். தனியாகப் பார்த்தால் இருபது நிமிடத்தில் கை போனைத் தேடும்.

ராம்போ கதை வேறு. 1985ல் வந்த இரண்டாம் பாகத்தை வைத்துத்தான் பெரும்பாலோர் அந்தப் பெயரை நினைவில் வைத்திருக்கிறார்கள். வியட்நாமுக்குத் திரும்பிப் போய், போரில் சிக்கிய கைதிகளை மீட்கும் படம் அது. அதில் வியட்நாமியச் சிப்பாய்களும் சோவியத் சிப்பாய்களும் சுடப்படுவதற்காகவே நிற்பவர்கள். இன்று பார்க்கும்போது அதுதான் முதலில் கண்ணில் உறுத்துகிறது. ஆனால் 1982ல் டெட் காட்செஃப் இயக்கிய முதல் படமான 'ஃபர்ஸ்ட் பிளட்' கிட்டத்தட்ட அதற்கு நேர் எதிர். போரிலிருந்து வந்த ஒருவன் பழைய நண்பனைத் தேடி வருகிறான், ஒரு சின்ன ஊர் போலீஸ்காரர் அவனைக் காரணமில்லாமல் விரட்டுகிறார், விஷயம் கைமீறிப் போகிறது. படம் முழுக்க ஒரே ஒருவர்தான் சாகிறார், அதுவும் ஹெலிகாப்டரிலிருந்து தவறி விழுந்து. டேவிட் மோரல் 1972ல் எழுதிய மூல நாவலில் நாயகன் கடைசியில் இறந்துவிடுவான். படத்திலும் அப்படி ஒரு முடிவை எடுத்துவிட்டு, அப்புறம் மாற்றினார்கள். இப்போதிருக்கும் முடிவில் ராம்போவாக வரும் ஸ்டலோன் தன் பழைய கர்னலுக்கு முன்னால் உடைந்து அழுகிறார். வெறும் 93 நிமிடப் படம். இரண்டாம் பாகத்தை மட்டுமே பார்த்தவர்களுக்கு இது பெரிய ஆச்சரியமாக இருக்கும்.

இந்த வழியில் ஒரே ஒரு படம் எடுக்கலாம் என்றால் நான் கைகாட்டுவது 1987ல் ஜான் மெக்டியர்னன் இயக்கிய 'பிரடேட்டர்'. முதல் பாதி அப்பட்டமான புஜபலப் படம். கட்டுமஸ்தான ஆட்கள், பெரிய துப்பாக்கிகள், காடு. பாதிக்கு அருகில் ஒரு காட்சி வரும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று தங்களில் ஒருவனைக் கொன்றுவிட்டது என்று தெரிந்ததும், எல்லோரும் வரிசையாக நின்று காட்டை நோக்கிச் சுடுகிறார்கள். மரங்கள் சரிகின்றன, இலைகள் தூளாகின்றன, தோட்டா தீரும்வரை விடுவதில்லை. அப்புறம் போய்ப் பார்த்தால் ஒரு பிணம்கூட இல்லை. ஓர் இலையில் கொஞ்சம் பச்சை ரத்தம், அவ்வளவுதான். துப்பாக்கி பெரிதாக இருந்தால் போதும் என்ற அந்தக் காலத்து நம்பிக்கை அந்த இடத்தில் செத்துப்போகிறது. அதற்குப் பிறகு படம் மெல்ல மெல்ல ஆளையும் ஆயுதத்தையும் பிடுங்கிக்கொண்டு, கடைசி அரைமணி நேரத்தில் நாயகனைச் சேறு பூசிய வெறும் உடம்போடு கொண்டுவந்து நிறுத்துகிறது. அங்கே வசனமே அபூர்வம். எதிரியாக வரும் அந்த உருவம் ஸ்டான் வின்ஸ்டன் செய்த உடுப்பு. அதற்குள் இருந்தவர் ஏழடிக்கு மேல் உயரமான கெவின் பீட்டர் ஹால். முன்னால் நிற்பது நிஜமாகவே கனமும் உயரமும் உள்ள ஒன்று என்பதால் அந்தச் சண்டையின் பயம் இன்றும் கலையவில்லை.

அடுத்த ஆண்டே அதே மெக்டியர்னன் 'டை ஹார்ட்' எடுத்தார். இரண்டாவது வழிக்கு இதுதான் வாசல்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் நாயகன் புரூஸ் வில்லிஸையும் வில்லன் ஆலன் ரிக்மனையும் பேசுவார்கள். ரிக்மனுக்கு இதுதான் முதல் சினிமா என்பதை இன்றும் நம்ப முடியவில்லை. வில்லிஸ் அப்போது தொலைக்காட்சித் தொடரில் நகைச்சுவையாக நடித்துப் பெயர் எடுத்தவர். புஜபல நாயகர்களின் காலத்தில் அப்படி ஒருவரை வைத்துப் பெரிய ஆக்‌ஷன் படம் எடுப்பது துணிச்சல்தான். ஆனால் இந்தப் படத்தின் உண்மையான நாயகன் அந்தக் கட்டடம் என்று நான் நினைக்கிறேன். லாஸ் ஏஞ்சல்ஸின் செஞ்சுரி சிட்டியில் புதிதாக எழுந்த ஃபாக்ஸ் பிளாசாதான் கதையில் நகடோமி கோபுரம். கட்டி முடிக்காத மாடிகளிலேயே சில காட்சிகளை எடுத்தார்கள். விருந்து நடக்கிற மாடி, வேலை நடந்துகொண்டிருக்கிற மாடி, லிஃப்ட் குழி, காற்றுக்குழாய், மொட்டைமாடி என்று ஒவ்வொன்றையும் படம் நமக்குப் பொறுமையாக அறிமுகம் செய்துவைக்கிறது. ஒரு மணி நேரம் ஆவதற்குள் அந்தக் கட்டடத்துக்குள் வழி கேட்காமல் நாமே நடந்துவிடலாம். அதற்குப் பிறகு எந்தக் கதவு திறந்தாலும் நமக்குப் பதறுகிறது, ஏனென்றால் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

ஒரே ஒரு இழையை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் வில்லிஸ் நடிக்கும் மெக்லேனிடம், ஊர் போய்ச் சேர்ந்ததும் செருப்பையும் சாக்ஸையும் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் வெறுங்காலோடு நட, விரல்களை மடக்கு, களைப்பு தீரும் என்கிறார். அதனால்தான் மெக்லேன் வெறுங்காலோடு நிற்கிறான். அந்த நேரத்தில், கட்டடத்தில் இருப்பவர்களைப் பிணை பிடிக்க வந்த கும்பலின் துப்பாக்கிச் சத்தம் கேட்டதால் அப்படியே ஓடுகிறான். முதலில் கொன்றவனின் ஷூவை எடுத்து அளவு பார்த்தால், அது சின்னது. பிறகு வில்லன் பிணைக்கைதி போல நடித்து அவனோடு நேருக்கு நேர் பேசுகிறான். அப்போது வில்லனின் பார்வை ஒரு கணம் கீழே இறங்குகிறது. அடுத்த சண்டையில் அவன் தன் ஆளிடம் சொல்வது, கண்ணாடியைச் சுடு என்பதுதான். முதல் காட்சியில் போட்ட முடிச்சு நடுப்படத்தில் ரத்தமாக வருகிறது. இப்படிக் காரணத்தோடு கோத்த திரைக்கதை அந்தக் காலத்திலும் அபூர்வம், இன்றும் அபூர்வம். படப்பிடிப்பில் சில இடங்களில் வில்லிஸ் பாதம் போலவே செய்த ரப்பர் உறை போட்டிருந்தார். கூர்ந்து பார்த்தால் தெரியும், ஆனால் அந்தக் காட்சியின் வலி அதனால் குறைவதில்லை.

இதில் இன்று உறுத்துகிற ஒன்றும் இருக்கிறது. வெளியே நிற்கும் போலீஸ்காரர் பாவெல் முன்பு பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த ஒரு சிறுவனைத் தவறுதலாகச் சுட்டவர், அதற்குப் பிறகு துப்பாக்கியை எடுக்க முடியாதவர். கடைசியில் அவர் மறுபடி சுடுவதை ஒரு மீட்சியாகப் படம் காட்டுகிறது. அப்போது அது கைதட்டல் வாங்கிய இடம். இன்று அந்தச் சிறுவன் என்ன ஆனான் என்றுதான் மனம் போகிறது. படத்தை ஒதுக்கிவைக்க இது காரணமில்லை, ஆனால் புதிதாகப் பார்க்கும் இளையவர் ஒருவர் இதைக் கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

'டை ஹார்ட்' ஓடியதும் அதே அச்சில் கப்பல், மலை, விமானம் என்று வரிசையாகப் படங்கள் வந்தன. அவற்றில் நான் திரும்பிப் போவது 1994ல் வந்த 'ஸ்பீட்' ஒன்றுக்குத்தான். 'டை ஹார்ட்'டுக்கு ஒளிப்பதிவு செய்த யான் டி பாண்ட் இயக்கிய முதல் படம். பேருந்தின் வேகம் மணிக்கு 50 மைலுக்குக் கீழே போனால் குண்டு வெடிக்கும் என்ற ஒற்றை விதி, அந்த விதியை மீறாமல் எத்தனை சிக்கல் கொடுக்கலாம் என்ற விளையாட்டு. பேருந்து தாண்டிக் குதிக்கிற அந்தப் பாலத்து இடைவெளி கணினியில் உண்டாக்கியது, நிஜத்தில் அங்கே பாலம் முழுசாக இருந்தது. ஆனால் பேருந்து சரிவுப் பலகை ஏறி நிஜமாகவே குதித்தது. அந்தக் கனமான உலோகம் தரையில் மோதும் அதிர்ச்சியைக் கண் நம்புகிறது. பேருந்தை விட்டு இறங்கியதும் படம் கொஞ்சம் தளர்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, ஹாங்காங்குக்கு வருவோம். இந்த வழியைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஆசை அதிகம்.

ஜாக்கி சான் 1985ல் அமெரிக்காவில் வேறொருவர் இயக்கத்தில் ஒரு போலீஸ் படத்தில் நடித்தார். அங்கே சண்டையை எடுத்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஊர் திரும்பி, போலீஸ் படத்தை எப்படி எடுக்க வேண்டும் என்று காட்டுவதற்காகத் தானே இயக்கி நடித்த படம்தான் 'போலீஸ் ஸ்டோரி'. அடுத்த ஆண்டு ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வானது. ஆக்‌ஷன் படத்துக்கு அப்படி ஒரு மரியாதை கிடைப்பது எந்த ஊரிலும் லேசில்லை.

படம் தொடங்கியதுமே மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு குடிசைப் பகுதி வழியாகக் கார்கள் நேராகக் கீழே இறங்குகின்றன. வீடுகள் வீடுகளாக நொறுங்குகின்றன. மூச்சு வாங்குவதற்குள் ஜாக்கி ஒரு குடையின் கொக்கியை இரண்டடுக்குப் பேருந்தில் மாட்டிக்கொண்டு சாலையில் தொங்குகிறார். மற்ற படங்களுக்கு இதுவே உச்சக்கட்டமாக இருந்திருக்கும். இங்கே இது முதல் கால்மணி நேரம்.

கடைசியில் பல மாடிகள் கொண்ட ஒரு வணிக வளாகத்தில் சண்டை. கண்ணாடிப் பெட்டிகள், கண்ணாடிச் சுவர்கள், நகரும் படிக்கட்டுகள். ஆட்கள் அவற்றின் மேல் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். படக்குழுவினர் தங்களுக்குள் இதைக் 'கிளாஸ் ஸ்டோரி' என்றே அழைத்தார்களாம், பார்த்தால் ஏன் என்று புரியும். இங்கே கேமரா என்ன செய்கிறது என்று கவனியுங்கள். அடிப்பவனும் அடிபடுபவனும் தலை முதல் கால் வரை ஒரே சட்டகத்தில் இருக்கிறார்கள். அடி விழும் நொடியில் காட்சி வெட்டுப்பட்டு இன்னும் அருகில் போகும்போது, அதே அசைவு ஒரு கணம் பின்னால் போய் மறுபடி தொடங்குகிறது. அந்தச் சின்ன மேல்படிவுதான் அடிக்கு எடை கொடுக்கிறது. கண்ணுக்கு அது தனியாகத் தெரியாது, உடம்புக்குத் தெரியும்.

அப்புறம் அந்தக் கம்பம். மேல்மாடியின் கைப்பிடியில் ஏறி நின்று, வளாகத்தின் நடுவே தொங்கும் கம்பத்தை நோக்கி ஜாக்கி பாய்கிறார். கம்பம் முழுக்க விளக்குச் சரம் சுற்றியிருக்கிறது. அவர் வழுக்கிக்கொண்டு வரும் வேகத்தில் பல்புகள் ஒவ்வொன்றாக வெடிக்கின்றன, கண்ணாடிக் கூரை ஒன்றை உடைத்துக்கொண்டு தரைக்கு வருகிறார். எழுந்து ஓடுகிறார். ஒரே தடவையில் எடுத்தது. பல்புகளின் சூட்டில் உள்ளங்கைகள் தீய்ந்தன, முதுகிலும் இடுப்பிலும் அடி. படத்தில் அந்தக் குதியை வேறு வேறு கோணங்களில் அடுத்தடுத்து மூன்று முறை காட்டுகிறார்கள். கதைக்கு அது தேவையில்லை. ஒரு மனிதன் இதைச் செய்தான், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று படமே நிறுத்திச் சொல்லும் இடம் அது. நான் கேட்ட முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இந்த நான்கு வழிகளிலும் இல்லை.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. நடுப்பகுதி நகைச்சுவை எல்லாருக்கும் ஒத்துவராது. மேகி சியுங் போன்ற ஒரு நடிகையைக் கேக் பூசி, கத்தவிட்டு, படிக்கட்டில் உருட்டிவிட்டு என்று வெறும் காதலியாகவே வைத்திருக்கிறார்கள். அந்தக் குறைக்கு ஈடு போல 1992ல் வந்த மூன்றாம் பாகத்தில் மிஷெல் யோ வருகிறார். ஓடும் ரயிலின் மேல் பைக்கோடு பாய்கிறவர் அவர்தான். அந்தப் படத்துக்காகத்தான் பைக் ஓட்டவே கற்றுக்கொண்டார். பெண்களுக்கும் சண்டையில் சம இடம் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் நேராக மூன்றாம் பாகத்துக்கே போகலாம், கதை புரிவதில் சிக்கல் வராது.

ஹாங்காங்கிலேயே இன்னொரு பாதை இயக்குநர் ஜான் வூவினுடையது. இங்கே கை கால்களைவிட இரண்டு கைகளிலும் துப்பாக்கி, நட்பு, துரோகம், கண்ணீர். 1992ல் வந்த 'ஹார்ட் பாயில்ட்' அவர் ஹாலிவுட்டுக்குப் போகும் முன் எடுத்த பெரிய படம். தேநீர்க்கடைச் சண்டையில் தொடங்கி, ஒரு மருத்துவமனையே எரிவதில் முடிகிறது. அந்த மருத்துவமனைப் பகுதியில் இரண்டரை நிமிடத்துக்கும் மேல் வெட்டே இல்லாமல் ஓடும் ஒரு ஷாட் இருக்கிறது. சௌ யுன் ஃபாட்டும் டோனி லியுங்கும் தாழ்வாரம் முழுக்கச் சுட்டுக்கொண்டே போய் லிஃப்டில் ஏறுகிறார்கள், கதவு மூடுகிறது, இருவரும் பேசுகிறார்கள், கதவு திறந்தால் வேறு மாடி, மறுபடி சண்டை. உண்மையில் லிஃப்ட் எங்கும் போகவில்லை. அவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்த அந்தச் சில நொடிகளில் வெளியே குழுவினர் சிதறிக் கிடந்ததையெல்லாம் அள்ளி, அதே தாழ்வாரத்தை வேறு மாடியாக மாற்றிவிட்டார்கள். லிஃப்டுக்குள் அவர்கள் பேசுவது, சற்று முன் டோனி தவறுதலாக ஒரு போலீஸ்காரனைச் சுட்டுவிட்டதைப் பற்றி. வித்தையும் வேதனையும் ஒரே ஷாட்டில் வருவதால்தான் வூவைப் பார்த்து எடுத்த எத்தனையோ படங்கள் அவர் பக்கத்தில் நிற்க முடியவில்லை. 'போலீஸ் ஸ்டோரி'யைக் குடும்பத்தோடு பார்க்கலாம். 'ஹார்ட் பாயில்ட்'டை அப்படிப் பார்க்க முடியாது, ரத்தம் அதிகம்.

நான்காவது வழியில் நிறையப் பேர் யோசிக்காமல் எடுப்பது ஜேம்ஸ் கேமரூனின் 'டெர்மினேட்டர் 2'. 1991ல் வந்தபோது கணினி வரைகலையின் புரட்சி என்று கொண்டாடினார்கள். ஆனால் 137 நிமிடப் படத்தில் கணினி வரைந்தது ஏறத்தாழ ஐந்து நிமிடம்தான். மீதியெல்லாம் வின்ஸ்டன் குழுவின் கைவேலையும் சண்டைக் கலைஞர்களின் உழைப்பும். பாலத்துக்கு அடியில் ஹெலிகாப்டர் நுழைகிறதே, அதை சக் டாம்பரோ என்ற விமானி நிஜமாகவே ஓட்டினார். நாயகி சாரா கானர் இரண்டு பேராகத் தெரியும் சில இடங்களில் லிண்டா ஹாமில்டனோடு நிற்பது அவருடைய இரட்டைச் சகோதரி. கணினியை இவ்வளவு கஞ்சமாகத் தொட்டதால்தான் படம் இன்னும் புதுசாக இருக்கிறது. ஆனாலும் முதல் படத்தைத் தவறவிடாதீர்கள். 1984ல் வந்த 'தி டெர்மினேட்டர்' 64 லட்சம் டாலரில் எடுத்தது. கடைசியில் எழுந்து நடக்கும் எலும்புக்கூட்டின் அசைவு இன்று பொம்மையாகத் தெரியும், அது உண்மை. ஆனால் இரவு, தெரு, துரத்திக்கொண்டே வரும் ஒன்று என்ற பயம் இரண்டாம் பாகத்தில் இந்த அளவுக்கு இல்லை.

இந்த வழியில் என் ஓட்டு 1987ல் பால் வெர்ஹோவன் இயக்கிய 'ரோபோகாப்'புக்கு. வயது ஏற ஏறப் பெரிதாகிக்கொண்டே வரும் படம் இது. டெட்ராய்ட் நகரின் போலீஸை ஒரு தனியார் நிறுவனம் நடத்துகிறது, செத்துப்போன போலீஸ்காரன் மர்ஃபியின் உடல் அந்த நிறுவனத்தின் சொத்தாகிவிடுகிறது, நடுநடுவே செய்தி வாசிப்பவர்கள் பேரழிவைச் சிரித்த முகத்தோடு சொல்கிறார்கள். சின்ன வயதில் இதெல்லாம் சண்டைக்கு இடையில் வந்த இடைஞ்சல். இப்போது இவைதான் படம். நிறுவனத்தின் மேலதிகாரிகள் கூடும் அறையில் காவல் இயந்திரம் ஒன்று பழுதாகி, துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்ட ஊழியனைச் சுட்டுத் தள்ளும் காட்சியில், ஃபில் டிப்பெட் ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி எடுத்த அந்த இயந்திரத்தின் தத்தளிப்பு வேண்டுமென்றே சிரிப்பும் பயமும் கலந்தது. அமெரிக்கத் தணிக்கை அமைப்பு இதற்குப் பலமுறை பெரியவர்களுக்கு மட்டும் என்கிற எக்ஸ் தரச்சான்று கொடுத்து, வெட்டச் சொல்லித்தான் வெளியே விட்டது. வெட்டாத பதிப்பும் பிறகு வந்தது. வன்முறை கடுமையானது. சிறுவர்களோடு உட்காரும் படமே இல்லை.

இந்த நான்குக்குள் அடங்காத ஒன்றை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன். ஜார்ஜ் மில்லரின் 'மேட் மேக்ஸ் 2', 1981. ஆஸ்திரேலியப் பாலைவனம், ஓர் எண்ணெய் லாரி, பேச்சே இல்லாத துரத்தல். அதில் ஒரு சண்டைக் கலைஞர் பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டு காற்றில் சுழல்வது திட்டமிட்ட ஷாட் இல்லை, தவறிப்போன ஷாட். கை நாரிஸ் என்ற அவர் கால் முறிந்து பிழைத்தார். அதே இயக்குநரின் 2015ஆம் ஆண்டு 'மேட் மேக்ஸ்' படத்துக்குச் சண்டை ஒருங்கிணைப்பாளர் அவர்தான். நிஜமாக நடந்ததற்கு மதிப்பு என்று நான் பேசும்போது, அதற்கு உடம்பால் விலை கொடுத்தவர்களையும் சேர்த்தே பேசுகிறேன்.

எந்தப் படம் என்று முடிவானதும் எந்தப் பதிப்பு என்ற கேள்வி வரும். படத்தேர்வுக்குச் சமமான விஷயம் இது, பலர் கண்டுகொள்வதில்லை.

முதலில் சட்டகம். அந்தக் காலத்தில் இந்தப் படங்களை வீடியோ கேசட்டில் பார்த்தவர்கள் பெரும்பாலும் பார்த்தது பக்கங்கள் வெட்டப்பட்ட படம். 'டை ஹார்ட்', 'போலீஸ் ஸ்டோரி' இரண்டும் அகலத்திரைக்கு எடுத்தவை. அன்றைய சதுரத் தொலைக்காட்சிக்காக இரண்டு பக்கமும் வெட்டியபோது போனது அலங்காரமில்லை. எதிரி எந்த மூலையில் நிற்கிறான் என்பதே போய்விட்டது. ஆகவே, கேசட் காலத்தில் பத்துத் தடவை பார்த்தவர்களுக்குக்கூட முழுச் சட்டகத்தில் பார்ப்பது கிட்டத்தட்ட முதல் தடவைதான். மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருக்கிறதே என்று திரையை நிரப்பப் பெரிதாக்கிவிடாதீர்கள்.

அடுத்தது, மெருகு ஏற்றிய பதிப்புகள். பழைய ஃபிலிமில் இயல்பாகவே மணல் போன்ற துகள் தெரியும். அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்தெடுத்தால் முகத்தின் தோலும் சேர்ந்து துடைக்கப்பட்டுவிடும். 'பிரடேட்டர்' 2010ல் வந்த ப்ளூ-ரேயில் ஆட்கள் மெழுகுப் பொம்மைகளாகிவிட்டார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். 'டெர்மினேட்டர் 2'இன் 2017ஆம் ஆண்டு 4கே பதிப்புக்கும் அதே புகார். ஓர் அருகாமைக் காட்சியில் நிறுத்தி, தோலில் துளைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தப் பதிப்பை நம்பலாம். அப்படியே உங்கள் தொலைக்காட்சியின் அமைப்புகளுக்குள் போய், அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 சட்டகமாக எடுத்த சண்டையை அது நாடகத் தொடர் மாதிரி ஆக்கிவிடும்.

நீளம் கூட்டிய பதிப்பா, திரையரங்கில் வந்த பதிப்பா? முதல் தடவைக்கும், நீண்ட காலம் கழித்துப் பார்க்கும் தடவைக்கும் திரையரங்குப் பதிப்பு. கேமரூனின் 'ஏலியன்ஸ்' 137 நிமிடம், நீளப் பதிப்பு 154. அந்தக் கூடுதல் பகுதியில் நாயகி ரிப்ளியின் மகளைப் பற்றிய செய்தி வருகிறது, பின்னால் அவள் ஒரு சிறுமிக்காக உயிரைக் கொடுத்துப் போராடுவதற்கு அது ஆழம் தருகிறது. ஆனால் படையினர் போவதற்கு முன்பே, அவர்கள் தேடிப்போகும் வேற்றுக்கிரகக் குடியிருப்பை நமக்குக் காட்டிவிடுவதால், அங்கே என்ன ஆகியிருக்கும் என்ற பதைப்பு குறைந்துவிடுகிறது. இரண்டாவது சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மொழி விஷயத்தில் ஹாங்காங் படங்களுக்குத் தனிக் கணக்கு. அவற்றில் பெரும்பாலானவை படப்பிடிப்பில் ஒலி பதியாமல், பின்னால் குரல் சேர்த்தவை. அதனால் மொழிமாற்றத்தில் அசல் குரல் போய்விட்டதே என்று அங்கே பெரிதாக வருந்த வேண்டியதில்லை. ஆனால் அமெரிக்க வெளியீடுகளில் குரலோடு நிற்காமல் காட்சிகளை வெட்டி, இசையையும் மாற்றினார்கள். மிஷெல் யோ நடித்த அந்த மூன்றாம் பாகத்துக்கு 1996ல் அப்படித்தான் ஆயிற்று. கான்டனீஸ் ஒலியும் வசன வரியும் உள்ள பதிப்பாகப் பார்த்து எடுங்கள்.

ஆக, என் முடிவு இது. கூட நாலு பேர் இருந்தால், அதிலும் இந்தக் காலத்துப் படங்களே பார்க்காதவர்கள் இருந்தால், 'டை ஹார்ட்'. 132 நிமிடம், யாரும் வெளியே விடப்பட மாட்டார்கள். தனியாகவோ, சண்டைக் காட்சிகளை ரசித்துப் பார்க்கிற ஒருவரோடோ என்றால் 'போலீஸ் ஸ்டோரி'. மறுநாளும் நேரம் இருந்தால் 'ரோபோகாப்'. புஜபலத்துக்கு ஏக்கம் விடவில்லை என்றால் 'பிரடேட்டர்', அதற்கு மேல் வேண்டாம். 'போலீஸ் ஸ்டோரி'யின் நடுப்பகுதி இழுக்கிறது என்று ஓட்டிவிடவும் வேண்டாம். ஊர்ப்புறக் காவல் நிலையத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஜாக்கி, ஒலிக்கிற எல்லாத் தொலைபேசிகளையும் ஒரே நேரத்தில் சமாளித்து வயர்களுக்குள் சிக்கிக்கொள்ளும் காட்சி அங்கேதான் இருக்கிறது. அடி உதை இல்லாமலே அது ஒரு முழுச் சண்டைக்காட்சி. கடைசியில் பெயர்கள் ஓடும்போதும் எழுந்துவிடாதீர்கள். தவறிப்போன ஷாட்டுகளும், அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அப்போதுதான் வரும்.